சாருஜாவுக்குக் காய்ச்சல்

கமலாவதி அக்காவுக்கு ஒவ்வொரு காலையும் ஒரு பூ வரும். தாமரை, ரோசா, சில நாள் பெயர் தெரியாத ஏதோ வெளிநாட்டுப் பூ. அதற்குக் கீழே ‘இனிய காலை வணக்கம் அம்மா’ என்றிருக்கும். அனுப்புகிறவளின் பெயர் சாருஜா. பேஸ்புக்கில் பழக்கமானவள். கிளிநொச்சியில் இருப்பதாகவும், தனக்குத் தாய் இல்லை என்றும் சொல்லியிருந்தாள். அக்கா ஒரு கையில் தேத்தண்ணியும் மறு கையில் போனுமாக இருந்து, எழுத்துகளைத் தேடித் தேடி, ‘நன்றி மகள், சாப்பிட்டியோ’ என்று பதில் போடுவார். அந்தப் பூக்களை இப்போது நினைத்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

வல்வெட்டித்துறையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் ஐந்து வீடுகளும் இருக்கின்றன. சுற்றிவர எல்லாக் கிணறுகளும் உவர். நல்ல தண்ணீர் உள்ளது ஒன்றுதான். அது ஐந்து வீட்டுக்கும் பங்குக் கிணறு. முந்தி அங்கே தோட்டம் இருந்த காலத்தில், இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று முறை வைத்து இறைப்பார்களாம். இப்போது தோட்டமும் இல்லை, முறையும் இல்லை. யார் வாளி கொண்டு வந்தாலும் அள்ளலாம்.

அக்காவின் கணவர் கப்பலில் வேலை செய்து வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் இறந்துபோனவர். மகள் சிவகௌரி பிரான்சில். மகன் பிரகலாதன் வள்ளங்களின் இயந்திரம் திருத்துகிறவன். தகப்பனைப் போலக் கப்பலுக்குப் போக வேண்டும் என்பது அவனுடைய ஆசை. பேரப்பிள்ளைகளைத் தாய் நன்றாகப் பார்க்கட்டும் என்று சிவகௌரிதான் வைஃபை போட்டுக் கொடுத்தாள். அந்த வெள்ளைப் பெட்டியை அக்கா சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார்.

அடுத்த நாளே ஒழுங்கை வந்துவிட்டது.

“அக்கா, பாஸ்வேட் என்ன?”

“கமலா, ஒண்டு ரெண்டு மூண்டு.”

பிரகலாதன் தலையில் கை வைத்தான். “அம்மா, உந்தப் பாஸ்வேட்டை எல்லாருக்கும் சொல்லுறதில்லை.”

“கிணத்தடியிலை ஒருத்தர் வாளியை நீட்டினா இல்லையெண்டு சொல்லுறதோ? குறைஞ்சா போகுது?”

குறையவில்லை என்பதுதான் அக்காவின் கணக்கு. என் வீட்டில் அதைப் பாவித்தோம். எதிர்வீட்டுத் தாரிகாவும் அவளது பெற்றோரும் பாவித்தார்கள். மூலை வீட்டுப் பெடியள் அக்காவின் வாசல் படலையடியில் குந்தியிருந்து விளையாட்டு விளையாடினார்கள். அக்காவின் மதிலுக்கு அந்தப்பக்கத்து வீட்டுக் கனகசபாபதியும் பாவித்தார்.

கனகசபாபதியை எல்லோரும் முதலாளி என்பார்கள். நெல்லியடியில் புடவைக்கடை வைத்திருந்து, வயது போனதும் கொடுத்துவிட்டவர். பிள்ளைகள் லண்டனில். கோயில் சபையில் அவருக்கு ஓர் இடம். அன்னதானத்தில் கரண்டி அவர் கையில்தான். எந்தப் பெண்ணைக் கண்டாலும் “தங்கச்சி” என்பார். ஒரு தேயிலைப் பையைக் கொடியில் காயவைத்து இரண்டாம் முறை ஊற்றுகிற மனிதர். போனுக்குக் காசு கட்டி ரீலோட் போட்டதை யாரும் கண்டதில்லை. அக்காவின் மதிலோடு கதிரையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் போனைப் பார்த்தபடி இருப்பார். அந்த இடத்தில்தான் வைஃபை நன்றாக இழுக்கும். கிணற்றடியும் அந்த இடத்திலிருந்துதான் நன்றாகத் தெரியும். அதை நான் கவனித்திருக்கிறேன். நான் மட்டுமல்ல, தாரிகாவும் கவனித்திருந்தாள். போன வருசம் அவள் தகப்பனைக் கொண்டு அந்தப் பக்கத்துக்குத் தகரம் அடிப்பித்தாள்.

“ஏன் தங்கச்சி, காத்து வரட்டும் எண்டு விடக்கூடாதோ?” என்று முதலாளி கேட்டார்.

“காத்து வந்தாப் பரவாயில்லை முதலாளி. கண்ணெல்லே வருது” என்றாள் தாரிகா.

மூலை வீட்டுப் பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். பல் மட்டும்தான் சிரித்தது.

தாரிகா முன்பள்ளி ஆசிரியை. தெல்லிப்பழைப் பக்கத்தில் ஒரு சம்பந்தம் சரிவந்திருந்தது. தேர்த் திருவிழா அன்று விடிய அவள் கிணற்றடியில் தலை முழுகி, ஈரத்தலையும் நனைந்த பாவாடையுமாக நிற்கையில் அக்கா ஆசையில் ஒரு படம் எடுத்தார். “எடியே, அம்மன் மாதிரி நிக்கிறாய்” என்று சொன்னது எனக்கும் கேட்டது. தகரம் அடித்திருந்ததால் அவளும் கூச்சப்படாமல் நின்றாள்.

சில கிழமை கழித்துத் தாரிகாவின் படம் ஒன்று பேஸ்புக்கில் வந்தது. ‘வல்வை இளவரசன்’ என்று முகமில்லாத ஒரு கணக்கு. படத்துக்கு மேலே தாரிகாவின் பெயர், போன் நம்பர், கூடவே என் வாயால் சொல்ல முடியாத ஒரு வசனம். அன்றைக்கே அவளுக்கு அழைப்புகள் தொடங்கின. கட்டாரிலிருந்து ஒருவன், கொழும்பிலிருந்து ஒருவன். ஒருவன் பேசவே இல்லை, மூச்சு மட்டும் விட்டானாம்.

ஒழுங்கை செய்ததை என்னால் மறக்க முடியவில்லை. பார்க்கக்கூடாத படம் என்று சொல்லிக்கொண்டே இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். “ஐயோ பாவம் பெட்டை” என்று சொல்லிக்கொண்டே மற்றவருக்கு அனுப்பினார்கள். ஆறுதல் சொல்ல வந்த ஒருத்தி, “எந்தப் படம் எண்டு ஒருக்காக் காட்டு பிள்ளை” என்று தாயிடமே கேட்டாள். மாப்பிள்ளை வீட்டார், “யோசிச்சுச் சொல்லுறம்” என்றார்கள். முதலாளி அன்னதான மடத்தில் கரண்டியைப் பிடித்தபடி, “இந்தக் காலத்துப் பெட்டையள் போனை வைச்சிருந்தா இதுதான் முடிவு” என்றார். சோறு வாங்க நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

தாரிகா அழுதுகொண்டு வீட்டுக்குள் இருக்கவில்லை. தகப்பனோடு போய்ப் பொலிசில் முறைப்பாடு போட்டாள்.

சில காலம் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் கமலாவதி அக்கா போனைப் பிடித்தபடி என் வீட்டுக்கு ஓடிவந்தார். முகத்தில் இரத்தமில்லை.

“பிள்ளை, பொலிசிலை இருந்து கோல். ஐ.பி. என்ரை வீட்டைக் காட்டுதாம். பிரகலாதனையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்.”

எங்கள் நாட்டில் ஐ.பி. என்றால் இன்ஸ்பெக்டர். பொலிசில் பெரிய ஆள். வேறு ஐ.பி. இருப்பது அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

“ஆரடி அந்த ஐ.பி.? நான் ஆளைக் கண்டதும் இல்லை. ஏன் என்ரை வீட்டைக் காட்டுறான்?”

எனக்குப் பொலிஸ் என்றாலே பயம். ஆனால் அக்கா என் கையைப் பிடித்தபடியே நின்றதால் பிரகலாதனோடு நானும் கூடப் போனேன். வாசலில் நின்ற பொலிஸ்காரரிடம் அக்கா நேரே கேட்டார்.

“ஐ.பி. ஐயாவைப் பாக்க வேணும்.”

“ஐயா வழக்கொண்டுக்குக் கோட்டுக்குப் போயிட்டார். என்ன விசயம்?”

“அவர் வரட்டும். ஒழுங்கைக்கை ஒரு நாளும் வராத மனிசன் என்னெண்டு என்ரை வீட்டைக் காட்டினவர்? முகத்துக்கு நேரை கேக்க வேணும்.”

உள்ளே இரண்டு பேர் சிரித்தார்கள். பெண் பொலிஸ் ஒருத்தி எழுந்து வந்தாள். கஜானி என்று சட்டையில் பெயர். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் எங்களை இருத்தினாள்.

“அம்மா, உது ஆளில்லை. விலாசம். ஐ.பி. விலாசம் எண்டு சொல்லுறது. கடிதம் போடேக்கை பின்பக்கத்திலை அனுப்புறவரின்ரை விலாசம் எழுதுறமெல்லோ? அது மாதிரி இன்ரநெற்றிலை ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் ஒரு இலக்கம். அந்தப் படம் போகேக்கை பின்பக்கத்திலை இருந்தது உங்கடை வீட்டு இலக்கம்.”

“நான் ஒண்டும் எழுதேல்லைப் பிள்ளை.”

“நீங்கள் எழுதத் தேவையில்லை. உங்கடை பெட்டியாலை ஆர் எதை அனுப்பினாலும் அது தானா விழும்.”

“அப்ப ஆர் அனுப்பினதெண்டு அதிலை இல்லையோ?”

“வாசல் வரைக்கும்தான் காட்டும் அம்மா. உள்ளுக்கை ஆர் இருந்ததெண்டு காட்டாது. பாஸ்வேட் ஆரிட்டை இருக்கு?”

அக்கா விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். பாதியில் கை கீழே விழுந்தது.

“ஒழுங்கை முழுக்க.”

கஜானி பேனையை மேசையில் வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஆனால் பிரகலாதனின் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பின்னேரம் வரைக்கும் அவனை விசாரித்தார்கள். வீட்டில் இருக்கிற இளம் ஆண் அவன் ஒருவன்தானே.

அவனுக்கு அப்போதுதான் கப்பலில் இயந்திர அறை வேலை ஒன்று கிடைத்திருந்தது. போவதென்றால் பொலிஸ் நற்சான்று வேண்டும். வழக்கில் பெயர் விழுந்தால் நற்சான்றும் இல்லை, கப்பலும் இல்லை. அது பொலிசுக்குத் தெரிந்ததோ இல்லையோ, ஒழுங்கைக்குத் தெரிந்திருந்தது. மூன்று தலைமுறையாக ஒரே கிணற்றில் அள்ளியவர்கள் பிரகலாதனைக் கண்டதும் பெண்பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டார்கள். தாரிகாவின் தகப்பன் நடுஒழுங்கையில் நின்று, “தாயும் மகனும் சேந்து செய்த வேலை” என்று கத்தினார். அதே ஆள் அன்று காலையும் அக்காவின் வைஃபையில் செய்தி பார்த்தவர்.

முதலாளி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். குரலில் தேன்.

“தங்கச்சி, மனசைத் தளர விடாதை. வயசுப் பெடியன், தெரியாமல் செய்திருப்பான். நான் தாரிகாவின்ரை தேப்பனோடை கதைச்சு முறைப்பாட்டைத் திருப்பி எடுப்பிக்கிறன்.”

“அவன் செய்யேல்லை அண்ணை.”

“எல்லாத் தாய்மாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்” என்று சொல்லிவிட்டு முதலாளி கதிரையில் இருந்து, திரும்பவும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் கஞ்சி கொண்டுபோய்ப் பக்கத்தில் இருந்தேன். எனக்கு ஆறுதல் வார்த்தை வராது. பார்க்க மட்டும்தான் தெரியும். யாரோ எனக்கும் அனுப்பியிருந்த அந்தப் படத்தை, அதுவரை திறக்க மனமில்லாமல் வைத்திருந்ததை, அன்று திறந்து பார்த்தேன். மூலையில் மங்கலாக ஒரு விரல். விரலில் சிவப்புக் கல் மோதிரம். அந்த மோதிரம் என் முன்னால் கஞ்சிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“அக்கா, உது நீங்கள் எடுத்த படம்.”

அவர் போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

“ஓம். தேரண்டு எடுத்தனான்.”

“ஆருக்கு அனுப்பினனீங்கள்?”

“சிவகௌரிக்கு. பிறகு…” அக்கா நிறுத்தினார். “சாருஜாவுக்கு. அது பாவம், தாய் இல்லாத பிள்ளை, ‘தேர் பாக்கக் குடுத்து வைக்கேல்லை அம்மா, படம் இருந்தா அனுப்புங்கோ’ எண்டு கேட்டது. எல்லாத்தையும் அனுப்பினனான்.”

பிரகலாதன் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தாயின் போனை வாங்கி, சாருஜாவோடு பேசியதை முதலிலிருந்து பார்த்தான். பக்கத்தில் இருந்த நானும் பார்த்தேன். பூ, பூ, பூ. பூவுக்கு இடையில் கேள்விகள். ‘அண்ணா எத்தனை மணிக்குக் கடற்கரைக்குப் போவார் அம்மா?’ ‘தாரிகா அக்காவுக்கு மாப்பிள்ளை எந்த ஊர்?’ ‘அவவின் நம்பர் தாங்கோ, நானும் முன்பள்ளிப் பயிற்சிக்குப் போகப் போறன்.’ ‘நீங்கள் குளிக்கும்போது தனியவோ போவீங்கள்?’ எல்லாவற்றுக்கும் அக்கா பதில் எழுதியிருந்தார். மகளுக்கு எழுதுகிற மாதிரி. என் கழுத்துக்குப் பின்னால் பல்லி ஓடினது போல இருந்தது.

“இவள் பெட்டையே இல்லை அம்மா” என்றான் பிரகலாதன். “ஆரோ ஒரு சவம் பிடிச்சவன் பெட்டையின்ரை பேரிலை எழுதியிருக்கிறான்.”

“கிளிநொச்சியிலை இருக்கிறதெண்டு…”

“கிளிநொச்சியிலை இருந்து போட்டால் உங்கடை விலாசம் என்னெண்டு விழும்? எங்கடை பெட்டியாலைதான் படம் போயிருக்கு. படம் உவளிட்டைத்தான் இருந்தது. அப்ப உவள் எங்கை இருக்கிறாள்?”

அக்கா எழுந்து கிணற்றடிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பியபோது முகம் வேறாக இருந்தது.

“மோனை, அந்தப் பாஸ்வேட்டை மாத்தேலுமோ?”

“மாத்தலாம். இப்பவே எல்லாத்தையும் பூட்டுவம்.”

“பூட்டு. பிறகு முறை வைப்பம். கிணறு இறைச்ச மாதிரி. ஒரு நாளைக்கு ஒரு வீடு. ஒவ்வொரு நாளும் விடிய நீ மாத்து. முறைக்காரருக்கு மட்டும் நான் சொல்லுறன்.”

பொலிஸ் சொல்லிவிட்டது, இனி முறை வைத்துத்தான் என்று அக்கா ஒழுங்கைக்கு அறிவித்தார். முணுமுணுத்தார்கள். “கண்டறியாத வைஃபை” என்று தாரிகாவின் தகப்பன் காறித் துப்பினார். அவர் வீட்டுக்கு வேண்டாமாம். முதல் நாள் யாருக்கும் இல்லை. அன்று காலை பூ வரவில்லை. மறுநாள் மூலை வீட்டுப் பெடியளின் முறை. பிரகலாதன் சந்தேகப்பட்டது அவர்களைத்தான், நானும் கொஞ்சம். பூ வரவில்லை. அதற்குப் பிறகு என் வீடு. காலையில் அக்கா போனைப் பார்ப்பதை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். என் வீட்டிலும் ஆண் ஒருவர் இருக்கிறாரே. பூ வரவில்லை. என் கணவரின் முகத்தை அன்று நிம்மதியாகப் பார்த்தேன். இப்படி ஒரு நிம்மதி தேவைப்பட்டதே என்பதும் அருவருப்பாகத்தான் இருந்தது.

அதற்கு அடுத்த நாள் முதலாளியின் முறை. அவர் மதிலடிக்கு வந்து பாஸ்வேட்டை இரண்டு தரம் கேட்டு எழுதிக்கொண்டு போனார். நாங்கள் தேத்தண்ணிக்கு இருந்தோம். தேத்தண்ணியில் ஆடை படிந்தது.

போன் ‘டிங்’ என்றது.

தாமரைப் பூ. பூவுக்குக் கீழே எழுத்து. அக்கா எழுத்துக்கூட்டி வாசித்தார். “‘அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்குக் கடும் காய்ச்சல். அதுதான் இவ்வளவு நாளும் எழுதேல்லை.’”

அக்கா தலை நிமிர்ந்தார். “கிளிநொச்சியிலை இருக்கிற பிள்ளைக்கு, என்ரை பெட்டியைப் பூட்டினா ஏனடா காய்ச்சல் வருது?”

பிரகலாதன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் கதிரை கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அக்கா ‘நன்றி மகள், இப்ப சுகமோ’ என்று எழுதி அனுப்பினார். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு போன் ‘டிங்’ என்றது.

பெண்ணின் பெயரில் ஒளிந்த மனிதருக்கு ஒரு ரீலோட் போட மனம் வரவில்லை. பெட்டியைப் பூட்டிய நாட்களில் போட்டிருந்தால் பூ வழக்கம்போல வந்திருக்கும், எங்களுக்கு ஒன்றும் பிடிபட்டிருக்காது. பிரகலாதன் கப்பலை மறந்திருப்பான். கஞ்சத்தனம் ஒன்றுதான் அந்த மனிதர் எங்களுக்குச் செய்த நன்மை.

அன்றைக்கே அக்கா போனோடு கஜானியிடம் போனார். இந்த முறை ஐ.பி. ஐயாவைக் கேட்கவில்லை. பொலிஸ் முதலாளியின் போனை எடுத்துப் பார்த்தபோது சாருஜாவும் இருந்தாள், வல்வை இளவரசனும் இருந்தான், இன்னும் எத்தனையோ பெயர்களும் இருந்தன. வேறு ஒழுங்கைப் பெண்களின் படங்களும் இருந்தனவாம். “பகிடிக்குச் செய்தது” என்றாராம். தகரம் அடித்த பெட்டைக்குப் பாடம் படிப்பிக்க நினைத்தாராம்.

பிறகு நடந்ததுதான் இன்னும் ஊத்தை. பிரகலாதனுக்கு இரங்காத ஒழுங்கை முதலாளிக்கு இரங்கியது. கோயில் சபையிலிருந்து மூன்று பேர் வெள்ளை வேட்டியில் வந்தார்கள்.

“வயசு போன மனிசன் தங்கச்சி. பிழை விட்டிட்டார். ஒழுங்கைக்கை சமாதானமாய்ப் போவம். உங்கடை போனிலை இருக்கிறதை அழிச்சு விட்டால் போதும்.”

“என்ரை பிள்ளை இளம் பெடியனெண்டு பிடிச்சினம்” என்றார் அக்கா. “அவரைக் கிழவனெண்டு விடச் சொல்லுறியள். அப்ப எந்த வயசிலை அண்ணை உங்கடை சமாதானம் தொடங்கும்?”

தாரிகா எதிர்வீட்டுப் படலையடியில் நின்று, “நான் முறைப்பாட்டைத் திருப்பி எடுக்க மாட்டன்” என்று ஒரே ஒரு வசனம் சொன்னாள். வேட்டிகள் திரும்பிப் போயின. மாப்பிள்ளை வீட்டார், “இப்ப எல்லாம் சரிதானே” என்று ஆள் அனுப்பினார்கள். தாரிகா, “நான் யோசிச்சுச் சொல்லுறன்” என்று சொல்லி அனுப்பினாள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

பிரகலாதனின் போன் திரும்பி வந்தது. நற்சான்றும் வந்தது. அன்று தாரிகாவின் தகப்பன் படலைக்கு வெளியே நின்று, உள்ளே வர முடியாமல், “தம்பி நிக்கிறாரோ” என்றார். அவன் போய்க் கையைக் கொடுத்தான். அக்கா வெளியே வரவில்லை.

முதலாளி பிணையில் வந்துவிட்டார். இப்போது கதிரையைப் பின்பக்கம் போட்டிருக்கிறார். கோயிலில் கரண்டி வேறு கைக்குப் போயிருக்கிறது. எப்போது திரும்பும் என்று எனக்குத் தெரியும், தேர் வரட்டும். அவரின் மனைவி ஒருநாள் வந்து, லண்டனில் உள்ள மகனோடு பேச வைஃபை தரச் சொல்லிக் கேட்டார். தலை நிமிரவே இல்லை. அக்கா தன் போனையே கொடுத்து, “இருந்து கதையுங்கோ. பாஸ்வேட் மட்டும் கேக்காதேங்கோ” என்றார்.

அக்கா தண்ணீருக்கு இப்போதும் யாரையும் தடுப்பதில்லை. வைஃபைக்கு மட்டும் முறையும் இல்லை, பங்கும் இல்லை. முகம் தெரியாத எல்லோரையும் பேஸ்புக்கிலிருந்து வெட்டிவிட்டார். மற்றவரின் படம் எடுத்தால், “என்ரை மகளுக்கு மட்டும் அனுப்பவோ, இல்லை அதுவும் வேண்டாமோ” என்று நின்று கேட்கிறார்.

“வைஃபை எனக்கும் இல்லையோ அக்கா?” என்று நான் கேட்டேன்.

“உனக்கும்தான் இல்லை. கிணத்திலை அள்ளுற தண்ணியிலை என்ரை பேர் இல்லை பிள்ளை. உதிலை ஒவ்வொரு சொட்டிலையும் என்ரை பேர் இருக்கு.”

எனக்கு முகம் சுருங்கியது. பிறகு சரிதான் என்று பட்டது.

கப்பலுக்குப் போவதற்கு முதல் பிரகலாதன் தாயிடம், வைஃபைப் பெட்டிக்கு இனி என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டான். அதுவரை அதன் பெயர் ஊருக்கெல்லாம் தெரிந்தபடி கமலாவதி என்றுதான் இருந்தது. அக்கா யோசிக்கவில்லை. இப்போது எங்கள் ஒழுங்கையில் யார் போனைத் திறந்து வைஃபை தேடினாலும் முதலாவதாக வருவது அதுதான். மதிலுக்கு அந்தப் பக்கத்திலும் அதுதான் வரும். பக்கத்தில் சின்னதாய்ப் பூட்டுப் படம்.

‘ஐ.பி. வீடு.’